வயிற்றுக் கோளாறுகள்: காத்திருக்கக் கூடியவை, கூடாதவை

எந்த ஊர் மருந்துக்கடையிலும் மாலை நேரத்தில் சற்று நின்று பார்த்தால் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். “அண்ணே, வயிறு ஒரு மாதிரியா இருக்கு, கேஸ் மாத்திரை குடுங்க.” எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவர் வேலையும் இல்லை. அட்டையிலிருந்து நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். வாங்கிப் போனவருக்கு வெறும் அஜீரணமாக இருக்கலாம். இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். பித்தப்பைக் கல்லாகவோ மாரடைப்பின் தொடக்கமாகவோகூட இருக்கலாம். நால்வருக்கும் கிடைப்பது அதே மாத்திரைதான்.

வயிற்றில் ஒரு தொந்தரவு வந்தால் எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு இரண்டு நாள் பொறுக்கலாம், எதற்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்று பிரித்தறிவதற்காகவே இந்த அத்தியாயம். அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கே வலிக்கிறது? எப்போது வருகிறது? எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? கூடவே வேறு என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்கு வயிற்றின் வரைபடம் மனதில் இருப்பது நல்லது. மேல்வயிற்றின் நடுவில், விலா எலும்புகள் பிரியும் குழிக்குக் கீழே இரைப்பையும், அதை அடுத்த முன்சிறுகுடலும், பின்னால் முதுகை ஒட்டிக் கணையமும் இருக்கின்றன. வலது விலாவுக்கு அடியில் கல்லீரலும் பித்தப்பையும். வலது அடிவயிற்றில் குடல்வால். தொப்புளைச் சுற்றிச் சிறுகுடல். இடது அடிவயிற்றில் பெருங்குடலின் கடைசிப் பகுதி. உடல் சில நேரம் இடம் மாற்றியும் காட்டும். இதயத்தின் வலி மேல்வயிற்றில் தெரிவது அதில் மிக ஆபத்தானது.

நெஞ்செரிச்சலா, நெஞ்சுவலியா?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகிக்கொள்ளும். அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறும். அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு இல்லை. அதனால்தான் எரிகிறது. புளிச்ச ஏப்பம், தொண்டைவரை வரும் எதுக்களிப்பு, படுத்தால் கூடும் எரிச்சல், காரணம் தெரியாத வறட்டு இருமல், காலையில் கரகரக்கும் குரல் எல்லாம் இதன் அடையாளங்கள். தொப்பையும் புகையிலையும் மதுவும் இதை வளர்க்கின்றன. கர்ப்ப காலத்தில் வருவது பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும்.

எப்போதாவது வரும் எதுக்களிப்புக்கு மாத்திரையைத் தேடும் முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். கடையை மூடிவிட்டு வந்து பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 முதல் 8 அங்குல உயரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். தலையணைகளை அடுக்கிக்கொள்வது இதற்கு ஈடாகாது. கழுத்தும் வயிறும் மடங்கி, அழுத்தம் கூடி, எதுக்களிப்பு அதிகமாகலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். எடை கூடியிருந்தால் சில கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே என்று நீளப் பட்டியல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவருக்குக் காபி ஒத்துக்கொள்ளாது, இன்னொருவருக்குப் புளிக்குழம்பு, மூன்றாமவருக்கு எண்ணெயில் பொரித்தது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் சாப்பிட்டதையும் எரிச்சல் வந்த நேரத்தையும் எழுதிப் பாருங்கள். உங்களுக்கான பட்டியல் தானே கிடைத்துவிடும்.

இனி சொல்வதுதான் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமானது. நடுநெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பாரமாக அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, வலி தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவுகிறது, நடந்தால் கூடி நின்றால் குறைகிறது என்றால் அதை வாயு என்று நினைக்காதீர்கள். மாரடைப்பிலும் குமட்டல் வரும், வாந்தி வரும், ஏப்பமும் வரும். சோடா குடித்து ஒரு பெரிய ஏப்பம் வந்ததும் “பாத்தியா, வாயுதான்” என்று படுத்துக்கொள்வதில்தான் பல உயிர்கள் போகின்றன. இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு மேல்வயிற்றுத் தொந்தரவாகவே தெரியலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் வெறும் அசதியும் வியர்வையும் மட்டும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், புகைபிடிப்பவர் யாராக இருந்தாலும் இப்படி வந்தால் ஓமத் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். தானே பைக்கை எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் மருத்துவர் சில மணி நேரம் இருக்கச் சொன்னால் இருங்கள். மாறுதல் ஈ.சி.ஜி.யில் தாமதமாகத் தெரியலாம். ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் முடிவு உறுதியாகும்.

அல்சர்

நேரத்துக்குச் சாப்பிடாததாலும் காரத்தாலும் கவலையாலும் அல்சர் வருகிறது என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோம். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையின் சளிப்படலத்தில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று மற்றவர்கள் ஏற்க மறுத்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி அல்சரின் முதல் காரணம். நேரம் தவறிச் சாப்பிடுவதும் காரமும் இருக்கிற புண்ணின் வலியைக் கூட்டலாமே தவிர, பெரும்பாலும் புண்ணை உண்டாக்குவதில்லை.

இரண்டாவது காரணம் நம் கையாலேயே வருவது: வலி மாத்திரைகள். மூட்டுவலி, இடுப்புவலி, தலைவலி, பல்வலி என்று எதற்கெடுத்தாலும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இவை வலியை உண்டாக்கும் வேதிப்பொருளைத் தடுக்கும்போது, இரைப்பையின் காப்புப் படலத்தை வளர்க்கும் வேதிப்பொருளையும் சேர்த்தே தடுக்கின்றன. ரத்தத்தின் வழியாக இது நடப்பதால், ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்று நினைப்பதும் தவறு. தினமும் முழங்கால் வலிக்கு மாத்திரை போடும் அறுபது வயதுக்காரருக்கு எந்த வலியும் இல்லாமலேயே புண் வளர்ந்து, ஒருநாள் ரத்தக்கசிவாகத்தான் வெளிப்படலாம். வயிற்றைப் பொறுத்தவரை பாராசிட்டமால் இவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும், மது அருந்துபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முன்சிறுகுடலில் உள்ள புண் வெறும் வயிற்றில் வலிக்கும், இரவு ஒன்று இரண்டு மணிக்கு எழுப்பிவிடும், எதையாவது சாப்பிட்டால் அடங்கும். இரைப்பையில் உள்ள புண் சாப்பிட்ட பிறகு வலிப்பதுண்டு. இந்த வேறுபாடு எல்லோரிடமும் சுத்தமாகத் தெரிவதில்லை. தெரிந்தே ஆக வேண்டியது மலத்தின் நிறம். மேல்குடலில் ரத்தம் கசிந்தால், கீழே வருவதற்குள் அது செரித்துக் கறுத்துவிடும். மலம் தார் போல் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான கெட்ட நாற்றத்தோடு வந்தால் அது அவசரம். தலை சுற்றலும் படபடப்பும் கூடவே இருந்தால் இன்னும் அவசரம். காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

கிருமிக்கான சிகிச்சை வழக்கமாக 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு குறைந்தது இரண்டு ஆன்டிபயாடிக் சேரும். வாய் கசக்கும், வயிறு கலங்கும். ஐந்தாம் நாள் வலி போய்விட்டதென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். சிகிச்சை முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து உறுதிப்படுத்த வேண்டும். அமில மாத்திரையைப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு பொய்யாக வரக்கூடும்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அந்த அமில மாத்திரைகளை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பின் போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம். நல்ல மருந்துகள்தான், எனக்கு அவற்றின் மேல் குறையில்லை. ஆனால் ஒருமுறை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து நான்கைந்து ஆண்டுகள் தொடர்வது வேறு விஷயம். பி12 சத்தும் மெக்னீசியமும் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது என்று தோன்றும். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தால் இது அடங்கும். இன்னொன்றும் உண்டு. இரைப்பைப் புற்றுநோயின் தொடக்கக்கால வலியும் இதே மாத்திரைக்குக் கொஞ்ச நாள் அடங்கும். விழுங்கும்போது தடை, முயலாமலே எடை குறைவு, ரத்தசோகை, விடாத வாந்தி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மேல்வயிற்று வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து நிமிட வேலை அது.

வயிற்றுப்போக்கு

எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், நாம் குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 8 முதல் 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. மலத்தோடு வெளியே போவது 200 மில்லியைத் தாண்டாது. மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த உறிஞ்சல் தடைப்பட்டால் எவ்வளவு நீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்று எண்ணிப் பாருங்கள். பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, நீரிழப்பு.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்தில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு, 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. குடற்சுவரில் குளுக்கோசும் உப்பும் சேர்ந்தே உள்ளே நுழையும் ஒரு வழி இருக்கிறது; அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை. இவ்வளவுதான் இதன் சூட்சுமம். ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, சிறியவை 200 மில்லிக்கானவை. லிட்டர் பொட்டலத்தில் கொஞ்சத்தைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கும் வழக்கத்தை விடுங்கள். பிரித்தால் முழுவதையும் கரையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வீட்டில் இருந்தால் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். காய்ச்சி ஆற வைத்த நீரில் கலக்க வேண்டும், கலந்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது, பாலிலோ ஜூஸிலோ கரைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் நீருக்கு டீஸ்பூனால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

கடையில் அழகான அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பாக்கெட்டின் பின்புறம் படித்து வாங்குங்கள்.

குழந்தைக்குக் கொடுப்பதில் பொறுமைதான் மருந்து. இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. டம்ளரை வாயில் வைத்துக் கவிழ்க்காமல், கரண்டியால் ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள், இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று பட்டினி போடுவது நம் வீடுகளில் ஆழமாக ஊறிய பழக்கம். குழந்தையின் விஷயத்தில் அது கெடுதல். கஞ்சி, இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை. குடல் சுவரைத் தேற்றி, அடுத்த சில மாதங்களில் பேதி மறுபடி வருவதையும் அது குறைக்கும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசு மையங்களில் இலவசம்; தவறவிடாதீர்கள்.

குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மடிப்பு நின்று மெதுவாகப் போனால், கண் உள்வாங்கியிருந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாவிட்டால், சோர்ந்து கிடந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தமும் சளியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது சீதபேதி. அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். சாதாரணப் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது.

குடல்வாலும் பித்தப்பையும்

குடல்வால் அழற்சியின் வலி தொடங்கும் இடம் ஏமாற்றும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும், பசி போய்விடும், ஒன்றிரண்டு முறை வாந்தி வரும். சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துக் கூர்மையாகும். அவரை இருமச் சொல்லுங்கள், குதிகாலை உயர்த்தித் தரையில் தட்டச் சொல்லுங்கள். வலது அடிவயிற்றில் சுரீரென்று வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. இந்த நிலையில் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுப்பதும், எண்ணெய் போட்டு வயிற்றை உருவுவதும் குடல்வாலை வெடிக்கவைக்கலாம். வெடித்த பிறகு வலி கொஞ்ச நேரம் குறைந்ததுபோல் இருக்கும். அதை நம்பித் தூங்கவிட்டால் விடிவதற்குள் வயிறு முழுவதும் சீழ் பரவும்.

குழந்தை வாந்தி எடுத்தால் குடலேற்றம் என்று தட்டுவதும், தொக்கம் எடுப்பதும் ஊர்ப்புறங்களில் இன்னும் நடக்கின்றன. இவற்றைச் செய்பவர்களின் அன்பைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஐந்து மாதம் முதல் ஒரு வயதுவரையுள்ள குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, இடையில் துவண்டு, பின்பு ரத்தமும் சளியும் கலந்த மலம் போனால் அது குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட நிலையாக இருக்கலாம். தொடக்கத்திலேயே வந்தால் அறுவை இல்லாமலே சரிசெய்ய வாய்ப்புண்டு. தட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. குழந்தை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் அடிவயிற்றில் கடும் வலி வந்தால், கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை முதலில் நினைக்க வேண்டும்; இது குடல் சம்பந்தப்பட்டதே இல்லை, ஆனால் வயிற்றுவலியாகத்தான் வரும்.

பித்தப்பைக் கல்லின் வலி கல்யாண விருந்துக்குப் பிறகு வரும். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வலது விலாவுக்கு அடியில் பிடித்து, வலது தோள்பட்டைக்குப் பரவி, சில மணி நேரம் இருந்து அடங்கும். தொந்தரவே தராத கல்லை வேறொரு ஸ்கேனில் தற்செயலாகக் கண்டால் பொதுவாக எடுக்கத் தேவையில்லை. வலியோடு குளிர்காய்ச்சலும் மஞ்சள் கண்ணும் சேர்ந்தால் அன்றே அனுமதி. மேல்வயிற்று வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போய், முன்னால் குனிந்தால் சற்றுக் குறைந்தால் கணைய அழற்சி. மதுவும் பித்தப்பைக் கல்லும்தான் அதன் பெரும் காரணங்கள்.

மலச்சிக்கலும் மூலமும்

தினம் ஒருமுறை போகாவிட்டால் நோய் என்ற பயம் தேவையற்றது. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான், வருத்திப் போகாதவரை. கீரை, அவரை, கொய்யா, முழுப்பயறு, போதிய தண்ணீர், நடை இவை அடிப்படை. காலை உணவுக்குப் பிறகு பெருங்குடல் தானாக அசையும்; பள்ளிப் பேருந்துக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் அவசரத்தில் அந்த நேரத்தை அடக்கி அடக்கித்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. மேற்கத்தியக் கழிப்பறையில் காலுக்கடியில் ஒரு குட்டி முக்காலி வைத்துக்கொண்டால் எளிதாகும். இசப்கோல் சாப்பிட்டால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். கைபேசியோடு அரைமணி நேரம் உட்காருவதை நிறுத்துங்கள்.

வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டினால் பெரும்பாலும் மூலம். போகும்போது கத்தியால் கீறியதுபோல் வலித்தால் ஆசனவாய் வெடிப்பு. வெதுவெதுப்பான நீரில் உட்காருவதும் மலத்தை இளக்குவதும் பெரும்பாலானோருக்குப் போதும். பக்கத்தில் துளை விழுந்து சீழ் வந்தால் பௌத்திரம், அதற்கு அறுவைதான். ஆனால் ஆசனவாயைப் பரிசோதிக்காமலே மூலம் என்று சொல்லி மருந்து கொடுப்பவரை நம்பாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயும் ரத்தமாகத் தொடங்கலாம். வயது 45ஐத் தாண்டியவருக்கு ரத்தம் வந்தாலோ, எந்த வயதிலும் மலப்பழக்கம் மாறி ஆறு வாரம் நீடித்தாலோ கொலோனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள்.

பல மாதங்களாக வயிறு வலித்து, மலம் கழித்ததும் குறைந்து, ஒருநாள் பேதியும் ஒருநாள் சிக்கலுமாக இருந்து, எல்லாப் பரிசோதனையும் சரியென்று வந்தால் அது எரிச்சல் குடல். பரீட்சைக்கும் பயணத்துக்கும் முன்னால் கூடும். இது கற்பனை அல்ல, ஆபத்தும் அல்ல. தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, எடை குறைவு, ரத்தம், மாலைக் காய்ச்சல் இருந்தால் அது இந்த நோயல்ல. நம் நாட்டில் குடல் காசநோயையும் நினைக்க வேண்டும்.

மஞ்சள் காமாலை

கீழாநெல்லியால் குணமானது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அசுத்த நீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணமாக்கியதுபோல் தெரியும். சிக்கல் என்னவென்றால் எல்லாக் காமாலையும் அந்த வகை அல்ல. மலம் வெளிறி, உடம்பு அரித்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதை எந்த மூலிகையும் திறக்காது. ஹெபடைட்டிஸ் பி, சி ரத்தத்தின் வழியே வந்து, கல்லீரலில் பல ஆண்டுகள் மௌனமாக இருந்து அதைச் சுருங்கவைக்கலாம். மது தனிக் காரணம். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் ஈ உயிராபத்து. ஆகவே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முதலில், மற்றவை பிறகு. பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ ஒரு நிமிடமும் வீட்டில் வைக்காதீர்கள். சூடு போடுவது வேண்டவே வேண்டாம். எண்ணெயை அடியோடு நிறுத்தும் பத்தியம் நோயாளியை மெலியவைக்கும். பசிக்கேற்ற சாதாரணச் சாப்பாடே போதும். தெருவோரக் கரும்புச்சாற்றில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் ஆனது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று பாருங்கள். போடாத பெரியவர்கள் ஆறு மாதத்தில் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, சத்து மாத்திரை எதையும் விடாமல். மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். மலத்தின் நிறத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.